உரிமையா, தயவா?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் 1951ஆம் ஆண்டு கட்டணம் ஒழிக்கப்பட்டது. ஏழை நாடுகள் பல இன்றும் காணாத பேறு அது. ஆயினும், காசு கேட்காத வாசல் எல்லோருக்கும் திறந்த வாசலாகிவிடுமா?

1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனைக் கரையோரத்துக்குச் சிங்களம் வழங்கும் அம்பாறை நகரம் தலைநகராயிற்று. மருதமுனை நெசவாளியோ சாய்ந்தமருது மீனவரோ அங்குள்ள வைத்தியசாலைக்கோ கச்சேரிக்கோ செல்வதாயின், ஒரு நாட் கூலியை இழக்கவேண்டும். தம் துயரைப் பிறர் வாயாற் சொல்லவேண்டும். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால், தமிழறிந்த உத்தியோகத்தர் எல்லா அரச அலுவலகங்களிலும் வேண்டுமென்று 2011இலும் நல்லிணக்க ஆணைக்குழு விதந்துரைக்க நேர்ந்தது.

இங்கே எவரும் கதவடைத்தாரில்லை. எனினும், பிள்ளையின் நோயை விளக்க மொழியின்றி ஒரு தாய் பாதி மருத்துவத்தோடு திரும்பினால், பழி எவரைச் சாரும்? தனிமனிதரின் தீய நெஞ்சை மட்டும் தேடும் அறநோக்கு இதற்கு விடை காணாது. தவறு அமைப்பினுடையது, அமைப்போ மனிதர் ஆக்கியது, மனிதரால் மாற்றத்தக்கது.

அத்தாய்க்காகப் படித்த இளைஞனொருவன் மொழிபெயர்ப்பது நற்செயலே. ஆனால், அவன் வராத நாளில் அவள் என் செய்வாள்? தன் மொழியில் தானே கேட்டுப் பெறும்வரை, சட்டம் தந்த உரிமை அவளுக்குத் தயவாகவே இருக்கும். அந்நிலையை மாற்றப் போராடுவதே ஆசிரியரும் மாணவருமாகிய நம் கடமை.