தொழுவம் வீடாகும்போது

பழைய மாட்டுத் தொழுவத்தையும் தானியக் களஞ்சியத்தையும் இடித்துத் தள்ளாமல், சுவரையும் கூரையையும் வைத்துக்கொண்டு உள்ளே சொகுசு வீடு அமைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது. இங்கிலாந்தில் 2014 முதல், வேளாண் கட்டடங்கள் பலவற்றை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே குடியிருப்பாக மாற்ற விதிகள் இடம் தருகின்றன. அங்கே வாதம் பெரும்பாலும் நிலம், விலை, ஊரின் தோற்றம் பற்றியது. இதே வேலையைச் சித்தூர் மாவட்டத்துப் பலமனேர்ப் பக்கம் செய்ய நினைத்தால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கும்: தொழுவத்தில் மனிதன் படுத்துறங்கலாமா?

பலமனேர் பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். குட்டை இனமான புங்கனூர் மாட்டைக் காத்துப் பெருக்கும் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இயங்குகிறது. இப்பக்கத்துப் பழைய தொழுவம் பார்வைக்கு எளியது. கருங்கல் கால்கள், அவற்றின்மேல் மரச்சட்டம், நாட்டு ஓடு, சாணம் மெழுகிய தரை. கழனித் தொட்டியின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் வழுவழுவென்று உள்வாங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக மாடுகள் கழுத்தை வைத்துத் தேய்த்த இடம் அது. கல்காலில் கயிறு அறுத்த பள்ளம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருப்பதுண்டு. வீடாக மாற்ற வருபவர்கள் ஆசைப்படுவது இந்தத் தேய்மானத்துக்குத்தான். புதுக் கல்லில் அதைச் செய்ய முடியாது.

சந்தைக் கணக்கில் தொழுவம் வீடாவது உயர்வு. சாத்திரக் கணக்கு நேர்மாறானது. வீட்டில் செய்யும் ஜபத்தைவிடப் பசுக்கொட்டிலில் செய்யும் ஜபத்துக்குப் பலன் பன்மடங்கு என்று புராணங்கள் சொல்கின்றன. மகாபாரதத்தின் அநுசாசன பர்வத்தில் ஒரு கதை உண்டு. திருமகள் பசுக்களிடம் வந்து தங்க இடம் கேட்கிறாள். நிலையில்லாதவள் என்று சொல்லிப் பசுக்கள் முதலில் மறுக்கின்றன. அவள் மன்றாடிய பிறகு, தங்கள் சாணத்திலும் கோமியத்திலும் குடியிருக்கச் சம்மதிக்கின்றன. அப்படிப் பார்த்தால் தொழுவத்தின் மெழுகிய தரை திருமகள் கேட்டு வாங்கிய இடம். அதன்மேல் பளிங்கு பதித்துக் கட்டில் போடுவது புனிதத்தின் ஏணியில் ஒரு படி இறங்குவதாகிறது. இந்தச் சங்கடத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. எது உயர்ந்தது என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன என்பதே இங்கு செய்தி.

அடுத்த கேள்வி நுட்பமானது. கூரை, தரை, கதவு எல்லாம் மாறிய பிறகு நிற்பது பழைய கட்டடம்தானா? நியாய–வைசேஷிகத் தத்துவ மரபினரின் முடிவு கறாரானது. உறுப்புகளைக் கடந்து முழுப்பொருள் என்று ஒன்று உண்டு. ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து புதுத் துணி பிறக்கிறது. அவர்கள் கணக்கில் ஓடு மாற்றிய அன்றே பழைய தொழுவம் இல்லை. மன்னன் மிலிந்தனிடம் பேசிய பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரத்துக்கும் அச்சுக்கும் அப்பால் தேர் என்பது வெறும் பெயர் என்றார். தொழுவம் என்பதும் அப்படி ஒரு பெயரே. பலமனேர்த் தொழுவத்துக்கு இவை இரண்டையும்விட, வேதச் சடங்கை ஆராய்ந்த மீமாம்சகர்கள் காட்டும் வழி பொருந்துகிறது. வேள்விக் கம்பமான யூபம் காட்டில் கிடைப்பதில்லை; செதுக்கி, சடங்கு செய்யும்போதுதான் மரம் யூபமாகிறது. பொருளின் தன்மையை ஆக்குவது அதில் நடக்கும் செயல். கறவை, மெழுகல், மாட்டுப்பொங்கலை ஒட்டி ஆந்திரத்தில் கொண்டாடும் கனுமப் பண்டிகையின் பூசை ஆகிய இவைதான் அந்தக் கூரையைத் தொழுவமாக்கின. மாடு போய்ப் பூசை நின்றபோதே அது தொழுவமாக இருப்பது நின்றுவிட்டது. கொத்தனார் பிறகுதான் வருகிறார்.

அப்படியானால் விட்டுப்போவதற்கு ஒரு முறை வேண்டாமா? கோயிலுக்கு உண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, மூலவரின் சாந்நித்தியத்தை அத்திப்பலகைச் சித்திரத்திலோ கும்பத்திலோ எழுந்தருளச் செய்கிறார்கள். குடமுழுக்கு வரை வழிபாடு அங்கே நடக்கும்; உளி படும் நேரத்தில் கருவறையில் தெய்வம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் விதியும் இதே அக்கறையிலிருந்து எழுந்தது: வழிபாட்டுக்குப் பயன்படாத தேவாலயத்தை உலகியல் பயனுக்கு விடலாம், ஆனால் இழிவான பயனுக்கு விடக்கூடாது. தொழுவத்துக்கு இப்படி எழுதி வைத்த விடைபெறல் எதுவும் இல்லை. உழவர்கள் தொழுவத்தை நிரந்தரமாக மூடுவார்கள் என்று சாத்திரம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை போலும்.

புனிதத்தை மட்டும் பேசி நிறுத்துவதும் நியாயமல்ல. பெரிய பண்ணைகளின் தொழுவத்தில் விடியுமுன் சாணம் அள்ளியவர்கள் பெரும்பாலும் அந்தப் பண்ணையின் கூடத்தில் உட்கார அனுமதிக்கப்படாதவர்கள். பட்ட கடனுக்காகத் தலைமுறையாக மாடு மேய்த்தவர்கள் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கல்கால்கள் திருமகளை நினைவூட்டாமல் தாத்தாவின் முதுகை நினைவூட்டலாம். தேய்ந்த தொட்டியை வரவேற்பறை அழகாக வைக்கிறவர், அதில் தண்ணீர் நிரப்பிய கைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டடத்தைக் காப்பாற்றி, அங்கே உழைத்தவர்களைக் கதையிலிருந்து நீக்குவது பாதுகாப்பு ஆகாது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தஞ்சை உழவர் வீடும் நெசவாளர் வீடும் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன; அங்கே வீட்டோடு தொழிலும் சொல்லப்படுகிறது. குடியிருக்கும் வீட்டில் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும், இன்ன வேலை இங்கே நடந்தது என்று ஒரு கல்லில் பொறித்து வைக்க முடியும்.

இனி மாடு. புங்கனூர் மாடு சராசரியாக ஒரு மீட்டர் உயரத்தை எட்டாது. அதன் பாலில் கொழுப்பு 8 சதவீதம் வரை இருப்பதாகச் சொல்வார்கள். குறைந்த தீவனத்தில் வறண்ட நிலத்தில் பிழைக்கும் இந்த இனம் அருகிப்போய், இப்போது வசதியுள்ளவர்கள் செல்லமாக வளர்க்கும் மாடாகவும் ஆகியிருக்கிறது. தொழுவம் மனிதருக்கு வீடாக, மாடு மனிதரின் கூடத்துக்கு வருகிறது. புதுமனை புகுவிழாவில் இந்த இடமாற்றம் கண்ணெதிரே நடக்கும். மரபுப்படி முதலில் உள்ளே நுழைவது பசுவும் கன்றும்தான். மெழுகல் போய்ப் பளபளப்பான தரை வந்திருப்பதால் குளம்பு வழுக்காமலிருக்கச் சாக்கு விரிப்பார்கள். மஞ்சள் குங்குமம் இட்டு, அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுத்து, ஒரு சுற்று நடத்தி, அரை மணி நேரத்தில் வெளியே ஓட்டிக்கொண்டு போவார்கள்.