தாங்குற செடி

எண்ணூர்க் கழிமுகத்தில் வெண்கண்டல் இலையை முதன்முதலாக நாக்கில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. காட்டுக்குப்பத்து மாமா படகை ஓரம் தள்ளி ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தார். மேலே பொடிப்பொடியாக உப்பு. "அதுக்கு வேர்க்குதுடா" என்றார். பத்து வருடம் கழித்துத் தாவரவியல் பரீட்சையில் இதையே உப்புச் சுரப்பி என்று எழுதி மார்க் வாங்கினேன்.

எங்கள் சேற்றில் நிற்கும் இந்த மரத்துக்கு ஆராய்ச்சியாளர்களிடம் பெரிய மதிப்பு உண்டென்பதும் அப்போதுதான் தெரிந்தது. தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு பல வருடங்கள் வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. அதில் ஒன்று மிப் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சீராக்கி. அதைப் புகையிலைச் செடிக்குள் வைத்தபோது அந்தச் செடி கூடுதலாக உப்பைத் தாங்கியது என்று 2012இல் கட்டுரை வந்தது.

சீராக்கி என்றால் என்ன? ஹார்பரில் மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். அவர் மூட்டை தூக்குவதில்லை. கப்பல் வந்ததும் யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். செடிக்குள் சீராக்கிப் புரதமும் அப்படித்தான். உப்போ வறட்சியோ வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் மரபணுக்களின் வாசலில் போய் ஒட்டிக்கொண்டு எழுப்பிவிடும். உப்பை வெளியேற்ற ஒன்று, செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்க ஒன்று, நச்சை முறிக்க ஒன்று. ஒரு மேஸ்திரி வந்தால் ஒரு கூட்டமே வேலைக்கு இறங்கும்.

இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். நம்ம மரம் எதையும் தாங்கும் மாமா, நம்மள மாதிரியே. அவர் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தாங்குறவன் தலையிலதான்டா ஏத்துவாங்க. படிச்சவங்க வேற அதை எழுதி வெச்சிட்டீங்களா?"

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. கல்லூரியில் யாராவது வடசென்னையைக் கிண்டல் செய்தால் நான் திருப்பிச் சொல்வது இந்த ஒரு வசனம்தான்: நாங்க எதையும் தாங்குவோம். அதை மாமா என் கையிலிருந்து பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஒரு பழைய ஆய்வைப் படித்தேன். 1999இல் ஜப்பானில் கசுகாவும் ஷினோசாக்கி குழுவினரும் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் சிறுசெடியில் டிரெப் என்ற சீராக்கியை எந்நேரமும் விழித்திருக்கும்படி வைத்தார்கள். செடி வறட்சியையும் உப்பையும் உறைகுளிரையும் தாங்கியது. ஆனால் குட்டையாகிவிட்டது. எந்தத் தொல்லையும் இல்லாத நல்ல நாளிலும் அதனால் வளர முடியவில்லை. இருந்த சக்தியெல்லாம் வராத ஆபத்துக்குக் காவல் நிற்பதிலேயே போனது. அதே சீராக்கியை நெருக்கடி வரும்போது மட்டும் எழும்படி மாற்றினார்கள். செடி தாங்கவும் செய்தது, ஏறக்குறைய இயல்பாக வளரவும் செய்தது. வேலை முடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

தாங்கும் பயிர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் கடலுப்பு ஏறியது. அதற்கு யாரைப் போய்க் கேட்பது? 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட பூசா டிஎஸ்டி ரைஸ் 1 நெல்லில், இலைத்துளைகள் மூடாதபடி பார்த்துக்கொள்ளும் ஒரு சீராக்கியை மரபணுத் திருத்தத்தால் முடக்கியிருக்கிறார்கள். (சீராக்கிகளில் முட்டுக்கட்டை போடுகிறவையும் உண்டு, ஆபீஸ்களில் இருப்பதுபோல.) வறட்சியில் துளை மூடினால் நீர் மிஞ்சும். மழை பொய்த்த விவசாயிக்கு அது உதவி. ஆனால் எங்கள் கழிமுகத்தைத் தூர்த்த அனல்மின் சாம்பல் வானத்திலிருந்து பெய்ததல்ல. கொட்டுகிறவர் ஒருவர் இருக்கும் இடத்தில், தாங்குகிறவரைப் பாராட்டுவது யாருக்கு வசதி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. வெண்கண்டல் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டியிருக்கும் மூச்சுவேர்களில் கறுப்பாக அப்பிக்கொண்டது. அந்த வேர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போகிறது. துளை அடைத்தபின் எந்த மேஸ்திரி யாரைக் கூப்பிட்டு என்ன பயன்? மாமா இலை எதையும் பறிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் எனக்கு மேடவாக்கம் பக்கம் வேலை. அங்கேயே வீடு பார்த்துவிட்டேன். திருவொற்றியூரில் அம்மாவுக்கு ராத்திரியில் இளைப்பு. இன்ஹேலரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். வாம்மா, போயிடலாம் என்றேன்.

"எனக்கு இங்கதான்டா பழகிச்சி" என்றார்.

அதை அம்மாவின் விருப்பம் என்று எடுத்துக்கொள்வதா, எந்நேரமும் விழித்திருந்தே குட்டையாகிப்போன ஏதோ ஒன்று பேசுகிறது என்று எடுத்துக்கொள்வதா, தெரியவில்லை. அட்வான்ஸ் எப்போது தருவீர்கள் என்று வீட்டு ஓனர் நேற்றும் போன் பண்ணினார்.