தப்பாகச் சொன்ன விடை

கணக்குத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நாம் என்ன செய்வோம்? பேனாவைப் பையில் போடுவதற்கு முன்பே, "ஏழாவது கேள்விக்கு உனக்கு என்ன வந்துச்சு?" என்று பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக் கேட்போம். ஒரே விடை வந்திருந்தால் அப்பாடா. வேறு விடை வந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இதைச் செய்யாத மாணவன் யாராவது இருக்கிறானா? நானும் செய்தவன்தான். அப்படிச் செய்த ஒரு நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் அம்பாங் பெச்சாவில் வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பெயருக்கே உடைந்த அணை என்றுதான் அர்த்தம். 1883-ல் அணை உடைந்து பழைய கோலா குபு பட்டணத்தையே வெள்ளம் அடித்துப் போனது. வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் உடைந்தது என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். எது உடைந்தாலும் பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்வது நம் வழக்கம். தேர்வும் அப்படித்தான்.

2006-ல் நான் கோலா குபு பாருவில் படிவம் ஐந்து. எஸ்.பி.எம். டிரையல், கூடுதல் கணிதம். காலையில் முதல் தாள், 25 கேள்வி. மதியம் இரண்டாம் தாள். இடைவேளையில் கேண்டீன் பின்னால் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டோம். ஒரு முக்கோணவியல் கணக்கு: இரண்டு சைன் எக்ஸ் கோஸ் எக்ஸ் சமம் சைன் எக்ஸ். பூஜ்யத்திலிருந்து 360 பாகைக்குள் எக்ஸ் என்ன? எனக்கு 60, 300 என்று இரண்டு விடை. மற்ற மூன்று பேருக்கும் அதேதான். தோழி ஒருத்தி மட்டும் ஐந்து விடை எழுதியிருந்தாள்: 0, 60, 180, 300, 360.

"ஒரு கணக்குக்கு அஞ்சு விடையா? என்ன லா இது, எக்ஸா, பஸ் நம்பரா?" என்று நான் சிரித்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் இருந்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் விளக்கப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் சைனை அடிச்சிட்டா முடிஞ்சது, ஏன் வளர்த்துற?" என்றேன். நாலுக்கு ஒன்று. ஓட்டு எண்ணி முடிவு செய்த மாதிரி ஆகிவிட்டது. அவள் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

கணக்குத் தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சைன் எக்ஸ் பூஜ்யமாகவும் இருக்கலாம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அதை அடித்துவிட்டதால் மூன்று விடைகளைத் தொலைத்தவர்கள் நாங்கள். அவள் எழுதியதுதான் முழுக்கச் சரி.

டிரையல் என்பதால் திருத்திய தாள் கைக்கு வந்தது. அந்தக் கேள்விக்கு அவளுக்கு முழுப் புள்ளி. ஆனால் இரண்டாம் தாளைப் பார்த்தால் மூன்று இடத்தில் சரியான வழிமுறையைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் வேறு ஏதோ எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையில் "கெனாப்பா போத்தோங்?" என்று எழுதியிருந்தார். ஏன் வெட்டினாய் என்று. ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் என் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடைகளை ஒப்பிடவே கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். "பலனை நினைக்காதேன்னு கீதையிலயே சொல்லியிருக்கு." எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கண்ணன் பேசியது வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்தவனை எழுப்புவதற்கு. செய்த வேலையைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அதை ஒரு சாக்காக எடுத்துவைக்கக் கூடாது. எஸ்.பி.எம். தாள் நம் கைக்குத் திரும்பி வருவதும் இல்லை. வருவது ஓர் எழுத்து மட்டும். எங்கள் காலத்தில் 1ஏ முதல் 9ஜி வரை, இப்போது ஏ பிளஸ் முதல் ஜி வரை. எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ள நண்பனை விட்டால் யாரைக் கேட்பது?

கவலைப்படாதே என்று சொல்வதும் சுலபம். 2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு பி.டி.3-ஐயும் எடுத்துவிட்டார்கள். இப்போது மொத்த பாரமும் எஸ்.பி.எம். மீதுதான். பத்து 'ஏ' எடுத்தால் இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024-ல் அறிவிப்பு வந்த பிறகு, நம் பிள்ளைகள் ஒவ்வொரு 'ஏ'வையும் விரல் விட்டு எண்ணுகிறார்கள். தோட்டத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கணக்கில் போகும் நாலு புள்ளி சின்ன விஷயம் இல்லை. அவன் கவலைப்படத்தான் செய்வான்.

அதனால் நான் ஒப்பிட்டதையும் குற்றம் என்று நினைக்கவில்லை, தப்பாகச் சொன்னதையும் நினைக்கவில்லை. அன்றைக்கு அதுதான் சரி என்று உண்மையாகவே நம்பினேன். அப்படியானால் இத்தனை வருஷமாக உறுத்துவது எது?

அதை அவளே சொன்னாள். சில வருஷங்களுக்கு முன் ராவாங்கில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பேச்சுவாக்கில் அந்தக் கணக்கு வந்தது. "நீ தப்பா சொன்னதுகூட பரவாயில்லடா. பேப்பர் வந்த பிறகு வாயத் திறக்கலையே, அதான். நாலு பேர் முன்னால சிரிச்சியே, நாலு பேர் முன்னால நீதான் சரின்னு சொல்லியிருக்கலாம்ல?" சொல்லிவிட்டு, என் பிள்ளைக்குப் பாயசம் கிடைத்ததா என்று விசாரித்தாள்.

மகாபாரதத்தில் தருமர், அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கச் சொன்னார், யானை என்பதை மெதுவாகச் சொன்னார். அதுவரை தரையில் படாமல் நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்குத் தரையைத் தொட்டது. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டு, பொய் சொன்னதற்குத்தான் தண்டனை என்று நினைத்தேன். இப்போது என் காதில் விழுவது அந்தக் குரலின் ஏற்ற இறக்கம். நான் தப்பை உரக்கச் சொன்னேன். சரியை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

பெரிய இடத்திலும் இப்படி ஒரு நிலைமை வந்ததுண்டு. 2014 யு.பி.எஸ்.ஆர். அறிவியல், ஆங்கிலத் தாள்கள் முன்கூட்டியே கசிந்து, செப்டம்பர் 30-ல் மறுபடியும் எழுதச் சொன்னார்கள். பிறகு கணிதத் தாளும், தமிழ்ப்பள்ளிகளின் தமிழ்மொழித் தாளும் கசிந்தது தெரிந்து, அக்டோபர் 9-ல் இன்னொரு முறை. பெரியவர்கள் செய்த தப்புக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் தப்பு நடந்தது என்று நாடறியச் சொன்னார்கள். சொல்லாமல் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன்.

இப்போது நான் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இந்த டிரையலில் முதல் தாள் முடிந்த அன்றைக்கே ஒரு பையன் வாட்ஸ்அப் குழுவில் எல்லா விடைகளையும் போட்டுவிட்டான், ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக்கோடு. கெட்டிக்காரப் பையன். ஒரு தங்கை மட்டும் "எனக்கு வேற வந்துச்சு" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பன்னிரண்டு சிரிக்கும் முகங்கள்.

சனிக்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. போனை எடுத்தான்.

"அண்ணே, டிலீட் பண்ணிடவா?"

"வேணாம். கீழ எழுது."

"திங்கக்கிழமை செகண்ட் பேப்பர் இருக்கு அண்ணே. எல்லாரும் பயந்துடுவாங்க."

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் சொல்வதும் நியாயம்தான். "அவ ஏற்கெனவே பயந்துதான் இருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் ஒரே வரி: நான் போட்டது தப்பு, அவ சொன்னதுதான் சரி.

முதலில் யாரோ ஒரு சிரிப்பு முகம் போட்டார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தத் தங்கை எழுதினாள்: "உண்மையாவா? நான் திரும்பப் போட்டுப் பார்க்கவா?"

"போட்டுப் பாரு" என்று அவன் எழுதினான்.