வேண்டுமுன் வந்த காவல்

1870-களின் இறுதியில், இத்தாலி தேசத்துத் தூரின் நகரத்தில், ஆஞ்சலோ மோஸ்ஸோ என்னும் சரீர சாஸ்திர அறிஞர், விபத்தில் கபாலம் உடைந்து, அந்தத் திறப்பின் வழியே மூளையின் துடிப்பைக் கருவியால் பதிவு செய்யக்கூடிய நிலையிலிருந்த குடியானவன் ஒருவனைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, மாதாகோயிலில் நண்பகல் மணி அடித்தது. உடனே கருவி வரைந்த கோடு உயர்ந்தது. மரியன்னையைத் துதிக்கும் வேளையை மணி நினைவூட்டியதோ என்று மோஸ்ஸோ கேட்க, அப்பொழுதும் அது உயர்ந்தது. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் அப்படியே. முன்கையின் துடிப்பிலோ அத்தகைய மாறுதல் இல்லை.

அந்த உயர்வு மூளையில் ரத்தம் மிகுந்ததன் அடையாளம் என்றால், பிரார்த்தனை என்பது ரத்தத்தின் ஓர் அலைதானோ என்று கேட்கத் தோன்றுகிறது. நான் வேறு விதமாகக் கேட்க விரும்புகிறேன்: அந்த அலை எழுவதற்கு இடம் கொடுத்த கடலை யார் காத்தார்கள்?

கபாலம் மூடிய பெட்டி. மூளை, ரத்தம், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவம் என்ற மூன்றில் ஒன்று மிகுந்தால் மற்றொன்று ஒதுங்க வேண்டும். இந்த விதிக்கு அஸ்திவாரமிட்டவர்கள் ஸ்காத்லாந்து வைத்தியர்களான மன்றோவும் (1783) கெல்லியும் (1824). ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் திரவம் நாளொன்றுக்கு மும்முறைக்கு மேல் புதிதாகச் சுரந்து வடிகிறது. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, நாம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. ரத்தம் முற்றிலும் நின்றால் பத்து விநாடிக்குள் பிரக்ஞை தப்பிவிடும். ஆகையால், சந்நிதியில் விழுந்து வணங்கியவன் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சற்றே தாழ, மூளையின் நுண்ணிய தமனிகள் தாமே விரிந்து, ஓட்டத்தைக் குறையவிடாமல் சில விநாடிகளில் சரிசெய்துவிடுகின்றன. அழுத்தம் ஏறினால் சுருங்குகின்றன. அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

1955-இல் அமெரிக்காவில் சொக்கொலாஃப், கெட்டி முதலியோர், மனக்கணக்குப் போடுகிறவனுடைய மூளை முழுவதற்கும் சேர்த்து அளந்து பார்த்தபோது, மொத்த ரத்த ஓட்டமும் பிராணவாயுச் செலவும் மாறவில்லை என்று கண்டார்கள். எண்ணம் மூளையின் ஒரு மூலையில் ரத்தத்தைக் கூட்டலாம். ஆனால் எண்ணாதபோதும் ஓயாமல் நடக்கும் பெருஞ்செலவின் முன் அது சிறு துளி. நாம் அழைத்த பின்னரே அருள் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கேயோ அழைக்கும் சக்தியே நமக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘நான் ஜபித்தேன்’ என்பவனுடைய அந்த ‘நான்’, தான் அறியாத ஒரு காவலின் மடியில் அமர்ந்துதான் பேசுகிறது.

இதை ஈசுவரனுக்கு நிரூபணமாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இதே கபாலம், அடிபட்டு மூளை வீங்கும்போது இடங்கொடாத சிறையாகி, உள்ளழுத்தம் ஏற ஏற ரத்தத்தையே வரவொட்டாமல் தடுத்துவிடுகிறது. திரவம் வடிய வழியின்றித் தலை பெருத்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் காவலின் மகிமையைப் பேசுவது பாவம். எல்லையுள்ள காவல் இது. ஆயினும் யாரும் கேளாமல் வந்த காவல். அந்தக் குடியானவனின் கபாலம் உடைந்திராவிட்டால் மோஸ்ஸோவின் கண்ணுக்கு அது தென்பட்டிராது. மணி கேட்டபோது அவர் அந்தக் கோட்டின் உயர்வைக் கவனித்தார். மணிக்கு முன்னும் அது துடித்துக்கொண்டுதான் இருந்தது.