மீள்பணம் யாருடைய பொருள்?

செலவிடுதலும் ஒரு வரவே என்று கூறும் வழக்கமொன்று இக்காலத்திலே பல தேசங்களிற் பரவி நிற்கின்றது. வீட்டுக்கு வேண்டிய அரிசி, பால், மருந்து, எரிபொருள் முதலியவற்றைக் கடனட்டையினாலே கொள்வார்க்கு, அவர் கொடுத்த விலையில் ஒரு சிறு கூறு மீண்டு வருகின்றது. இதனை ஆங்கிலத்தார் கேஷ்பேக் என்பர். யாம் மீள்பணம் என்போம்.

ஐக்கிய அமெரிக்காவிலே குடும்பத்தோடு வதியும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் எம்மைக் காண வந்தார். தமக்கு நூறு டொலருக்கு இரண்டு டொலர் இவ்வாறு மீள்கின்றது என்றும், அத்தொகையாற் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவதாகவும் அவர் கூற, யாம் அவருடைய சிக்கனத்தை மெச்சினோம். அவரோ சற்று மௌனமாயிருந்து, "ஐயா, அதே கடையிலே காசு கொடுத்து வாங்குங் கூலியாளனுக்கு ஒன்றும் மீள்வதில்லையே, அங்ஙனமாயின் என் கையில் வரும் இரண்டு டொலர் யாருடையது?" என்று வினாவினார். அப்பொழுது எமக்கு விடை தோன்றவில்லை. பின்னர் ஆராய்ந்து கண்டதனை ஈண்டு எழுதுகின்றோம்.

மீள்பணம் வங்கியின் கொடையன்று. கடனட்டைக்குப் பொருள் விற்கும் வணிகர் விலை முழுவதையும் பெறாது, ஒரு கட்டணங் கழிய எஞ்சியதையே பெறுவர். அக்கட்டணத்தின் பெரும்பகுதி அட்டை வழங்கிய வங்கியைச் சேரும். அதிலொரு கூறே அட்டையுடையாருக்கு மீளும். வணிகர் அக்கட்டணத்தை எங்ஙனம் ஈடு செய்வர்? விலையிற் சேர்ப்பர். விலையோ பெரும்பாலும் அட்டை கொடுப்பார்க்கும் காசு கொடுப்பார்க்கும் ஒன்றே. ஆகவே காசு கொடுப்பவர் கட்டணத்தைச் சுமக்கின்றார், மீள்பணத்தைப் பெறுகின்றாரல்லர். பொஸ்ரன் நகரத்துப் பெடரல் றிசேர்வ் வங்கியின் ஆய்வாளர் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டு வருவாய் 20,000 டொலருக்கு மேற்படாத குடும்பம் இவ்வழியால் ஆண்டுக்குச் சராசரி 21 டொலர் இழக்க, 150,000 டொலரும் அதற்கு மேலும் ஈட்டுங் குடும்பம் 750 டொலர் பெற்றது.

அட்டைக் கடனை உரிய நாளில் முற்றத் தீர்க்கமாட்டாதவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2023 ஆம் ஆண்டிலே அந்நாட்டிற் கடனட்டை வட்டி சராசரியாக நூற்றுக்கு 20 டொலரின் மேற்பட்டது. இரண்டு மீளுமென்று மகிழ்ந்து இருபது கொடுப்பார் கணக்கறியாதவரேயாவர்.

வாங்கினவர்க்கு மீளக் கொடுத்தல் தன்னளவிற் குற்றமன்று. இங்கிலாந்திலே றொச்டேல் என்னும் ஊரில் 1844 ஆம் ஆண்டு நெசவாளர் முதலிய தொழிலாளர் கூடி ஒரு கடை திறந்து, அதன் இலாபத்தை அங்கத்தவர் ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தனர். நம்மூர்ச் சங்கக்கடைகளும் அம்மரபில் வந்தவையே. அங்கே கொடுத்தவரே பெற்றனர். கடனட்டையிலோ கொடுப்பார் ஒருவர், பெறுவார் பிறிதொருவர்.

அங்ஙனமாயின் மீள்பணத்தைப் பெறுதல் பாவமோ எனின், அன்று. ஒருவர் அதனை மறுத்தலால் விலை குறையாது. கூலியாளனுக்கு ஒரு சதமுஞ் சேராது. வங்கியின் பேழையே நிறையும். ஆயினும் அதனைத் தம் சாமர்த்தியத்தின் பயனென்று தருக்குதல் பொய்யாகும். அதன்பொருட்டு வேண்டாதவற்றை வாங்குதல் பேதைமையாகும். இம்முறையைத் திருத்துஞ் சட்டம் வருங்கால் தம் நட்டங் கருதி எதிர்த்தலோ அநீதியாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, பொதுமக்களுடைய கடனட்டைகளுக்கு வங்கி பெறும் அக்கட்டணக் கூற்றை நூற்றுக்கு 0.3 இன் மேற்படாவாறு வரையறுத்தது. அத்தகைய சட்டத்தால் மீள்பணம் சுருங்கும். ஏழையின் சுமை குறைதற்கும் வழி பிறக்கும்.

எம் மாணாக்கருக்கு யாம் எழுதிய விடை இது: "அப்பணம் முழுவதும் உம்முடையதன்று. அதிலொரு பங்கை உம்மூர் ஏழைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கொடுப்பீராக. கொடுக்குங்கால் அதனைத் தானமென்று எண்ணற்க. திருப்பிக் கொடுத்தல் என்றே எண்ணுக."

ஆசிரியர்காள்! வகுப்பிலே வீதக் கணக்குக் கற்பிக்குங்கால், நூற்றுக்கு இரண்டு மீளின் ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்டு நிறுத்தாது, அவ்விரண்டைக் கொடுத்தவர் யாவர் என்றும் மாணாக்கரைக் கேட்பீர்களாக.