சாத்துவதும் களைவதும்

தாம் விரும்பிப் பெறாத சரீரத்தையும் பேணிக் காக்க ஒருவர் கடமைப்பட்டவரா என்னும் கேள்வி, தத்துவ விசாரணைக்கு மட்டுமே உரியதென்று பலருக்குத் தோன்றலாம்; ஆனால் ஆணுடலோடு பிறந்து, உள்ளத்தால் பெண்ணாகவே தம்மை உணர்ந்து, பெண்ணாகவே வாழத் துணிந்த திருநங்கையர்க்கு, அது நாள்தோறும் காலையில் சேலை உடுத்தும் பொழுதிலேயே எழுகின்ற கேள்வியாகும். மதுரைக்கு வடக்கே திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்த கொட்டாம்பட்டியைப் போன்ற ஊர்களில், சித்திரை வெயில் பாறையையும் மண்ணையும் ஒருசேரக் காய்ச்சுகின்ற நாட்களிலும், அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத திருநங்கையர் பலர், உடலின் வடிவம் வெளியே தெரியாதிருக்கும்பொருட்டு, உறுப்பைப் பின்னோக்கி மடித்து, விதைகளை மேலே ஒதுக்கி, இறுகிய உள்ளாடையாலோ துணிக்கட்டாலோ ஒட்டுப்பட்டையாலோ ஒடுக்கிக் கட்டிக்கொண்டே பகற்பொழுதைக் கழிக்கிறார்கள். அவ்விதம் கட்டும் முறையும் அதனால் தோலுக்கு நேரும் தீங்கும் சபையில் பேசத் தகாதவை என்று கற்றோர் ஒதுங்கிக்கொண்டமையால், அந்த வேதனையை அவர்கள் தனிமையிலேயே அனுபவிக்க நேர்ந்தது. உடலைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்து வந்த நம் சமயங்கள் இவ்விஷயத்திலும் நமக்கு வழிகாட்டக் கூடியவை என்பதே என் துணிபு.

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே கருங்காலக்குடிக் குன்றில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழந்தமிழ் பிராமி எழுத்தோடு சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. வெறும் பாறையிலே துயின்று உடலின் சுகத்தைத் துறந்த அம்முனிவர்களை எண்ணும்போது, உடல் நோவதே புண்ணியம் என்றும், தமக்கு ஒவ்வாத உடலைப் பெற்றவர் அதனை வருத்திக்கொள்வதில் குற்றமில்லை என்றும் சிலர் முடிவுகட்டக் கூடும். அம்முடிவு பொருந்தாது. முனிவர் ஏற்ற துன்பம், ஆசையை வெல்லும்பொருட்டு விவேகத்தோடு தாமே மேற்கொண்ட விரதம். திருநங்கை ஒருத்தி வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்பதோ, பிறருடைய பார்வைக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி அவள்மீது சுமத்தப்பட்ட தண்டனை. அச்சத்தில் பிறந்த நோவைத் தவமென்று பெயரிட்டுப் போற்றுவது, அத்தண்டனைக்கு நாமும் உடன்படுவதாகவே முடியும். மேலும், உயிர்க்குத் தீங்கு செய்யாமையைத் தலையான அறமாகக் கொண்ட அச்சமயமே, இல்லறத்தார்க்கு விதித்த நான்கு தானங்களுள் உணவோடும் அடைக்கலத்தோடும் சாத்திரத்தோடும் மருந்தையும் ஒன்றாக வைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, ‘என் உள்ளத்தோடு இணங்காத உடலுக்கு நான் ஏன் அன்பு காட்ட வேண்டும்?’ என்று திருநங்கை ஒருத்தி கேட்பாளாயின், அவளுக்கு விடை சொல்ல முழுத் தகுதி படைத்தவர் திருமூலரே என்பேன். கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க அவன் மேய்த்த பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கி, தம் உடலை ஓரிடத்தில் காப்பாக வைத்துவிட்டு அவன் உடலிற் புகுந்தார் என்றும், பசுக்களை வீடு சேர்த்துத் திரும்பி வந்தபோது தம் பழைய உடலைக் காணாது, புகுந்த உடலிலேயே தங்கித் திருமந்திரத்தை அருளினார் என்றும் பெரிய புராணம் கூறும். தமக்குரியதல்லாத உடலில் வாழ்வது இன்னதென்று அறிந்த அந்த மகான், அவ்வுடலை வெறுத்துப் பாடவில்லை. உடம்பை முன்பு இழிவென எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே பரம்பொருள் குடிகொண்டிருப்பதைக் கண்ட பின்னர் அதனை ஓம்பத் தொடங்கியதாகவும் சொல்கின்றார். பெற்ற உடல் எதுவாயினும், ஆன்மா இறைவனை அடைவதற்கு அதுவே இப்பிறவியின் சாதனம். உடலை மாற்ற விரும்புவது அவ்வுடலைப் பேணும் கடமையோடு முரண்பட்டதன்று. மாற்றும் நாள் வரையிலும், மாற்றிய பின்னரும், அது காக்கப்பட வேண்டியதே.

ஆயின், தோற்றத்துக்காக உடலைக் கட்டுவதே பொய்க்கோலம் அன்றோ என்று சிலர் தடை எழுப்புவர். அவர்களுக்கு அழகர்மலையைக் காட்டுவேன். சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகர், வைகையில் இறங்கிய பின், இராமராயர் மண்டபத்தில் ஓர் இரவு முழுதும் தசாவதாரக் கோலங்களைக் காட்டி, விடியும் வேளையில் மோகினியாகக் காட்சி தருகின்றார். அதே சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில், மோகினியை மணந்து மறுநாள் களப்பலியான அரவானுக்காகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, பின்பு அதனை அறுத்து அழுகிறார்கள். பகவானே பெண்கோலம் பூண்டு நின்றமையைக் கைகூப்பித் தொழும் நாம், பெண்ணாகவே வாழும் ஒருத்தியின் கோலத்தைப் பொய்யென்பது எவ்வாறு தகும்?

எனினும், திருக்கோலத்தில் அடங்கிய மற்றொரு நியதியையும் நாம் நோக்க வேண்டும். கோயிலில் எந்த அலங்காரமும் சாத்தியபடியே நிலைத்திருப்பதில்லை. அர்ச்சகர் மாலையைக் கழற்றி, பட்டைத் தளர்த்தி, முந்திய சாத்துப்படியைக் களைந்து, திருமஞ்சனம் செய்து, ஈரம் போகத் திருமேனியை ஒற்றியெடுத்த பின்னரே புதியதைச் சாத்துகிறார். அழகருக்கோ ஐப்பசியில் தைலக்காப்புக்கென்றே ஒரு விழா உண்டு. மலைமேல் நூபுர கங்கைக்கு எழுந்தருளி அவர் எண்ணெய் சாத்திக்கொள்கிறார். சாத்துவது எவ்வளவு பூசையோ, களைவதும் அவ்வளவு பூசை என்று நம் ஆலய மரபு தெளிந்திருந்தது. திருநங்கையர் சரீரத்துக்கும் இந்நியதியே பொருந்தும்.

அதன் விவரத்தைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பயனில்லை. விதைகளை மேலே ஒதுக்குகையில் மெல்ல அழுத்த வேண்டும். வலித்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். ஒட்டுவதாயின் மருத்துவமனையில் பயன்படும் காகித ஒட்டுப்பட்டையே தக்கது. பெட்டி ஒட்டும் பட்டையை ஒருபோதும் தோலில் ஒட்டலாகாது. முன்னதாக முடியைக் கத்தரித்துக்கொள்வதும், எடுக்கும்போது பிய்த்திழுக்காமல் வெதுவெதுப்பான நீரோ எண்ணெயோ விட்டு நெகிழ்த்துவதும் தோலைக் காக்கும். பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் கட்டியிருத்தல் கூடாது. வெயிற்காலத்தில் இன்னும் விரைவில் அவிழ்ப்பது நன்று. கட்டோடு உறங்கலாகாது. அவிழ்த்தபின் கழுவி, தொடையிடுக்கை ஈரமின்றித் துடைத்து, காற்றுப்பட விட்டு, சிவப்போ கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். புண் இருக்கும் இடத்தில் அது ஆறும் வரை கட்டுதல் ஆகாது. விதைகளை நெடுங்காலம் உடற்சூட்டில் ஒடுக்கி வைப்பது விந்தணுவைக் குறைக்கக் கூடுமாதலால், பின்னாளில் பிள்ளைப்பேற்றை விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

வியர்வையும் உராய்வும் கூடிய இடத்தில் படர்தாமரை எளிதில் பற்றுகிறது. மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளுட் பல ஸ்டிராய்டு கலந்தவை. அவை முதல் சில நாட்கள் அரிப்பைத் தணித்து நம்பிக்கை ஊட்டி, பின்னர் நோயைப் பரப்பித் தோலையும் மெலியச் செய்கின்றன. முடியை நீக்கப் பிறர் சவரம் செய்த பிளேடைப் பயன்படுத்துவதும் ஆபத்தே. திடீரெனக் கடும் வலியும் வீக்கமும் வாந்தியும் ஏற்படின், விதை முறுக்கிக்கொண்டதோ என்று ஐயுற்று, சில மணி நேரத்துக்குள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். ஆறு மணி நேரம் கடந்தால் அவ்வுறுப்பைக் காக்கும் வாய்ப்பு விரைவாகக் குறைந்துவிடும்.

இக்கடமையில், இளம் திருநங்கையரைச் சேலாவாக, அதாவது சீடராக, ஏற்கும் குருமார்க்கும் பெரும் பங்கு உண்டு. நிர்வாணம் என்னும் உறுப்பு நீக்கத்தைச் செய்துகொண்ட சேலாவை நாற்பது நாள் அறையில் வைத்து, பக்குவமாக உணவளித்து, புண்ணாற்றிப் பேணும் வழக்கம் திருநங்கையர் சமூகத்தில் தொன்றுதொட்டு உள்ளது. அந்தத் தாய்மையில் ஒரு பகுதி, நிர்வாணத்துக்குக் காத்திருக்கும் இளம் சேலாவின் தினசரிக் கட்டுக்கும் புண்ணுக்கும் கிடைக்குமாயின், எத்தனையோ நோய்கள் முளையிலேயே நீங்கும்.

அதைவிடப் பெரிய பங்கு ஊராருக்கு உரியது. 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையைத் திருநங்கையர்க்கு உறுதிசெய்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளுள் திருநங்கையும் அடங்குவாள் என்று தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வளவு கடந்து வந்த பின்னரும், பேருந்து நிலையத்துக் கழிப்பறையில் ஆண்கள், பெண்கள் என்று எழுதிய இரு வாயில்களின் முன்னே, எங்கே நுழைந்தாலும் வசவு கேட்க நேருமென்று அஞ்சி ஒருத்தி திரும்பிவிடுகிறாள். அந்த அச்சத்தால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்குகிறாள். நாளடைவில் நீர்க்கடுப்பும் நோய்த்தொற்றும் அவளைப் பற்றுகின்றன. அவள் உடலில் உள்ள கட்டை அவளே அவிழ்த்துக்கொள்ளலாம். அவிழ்ப்பதற்கு ஓர் இடமில்லாமற் செய்தவர் நாமே.

ஆகவே, சித்திரையில் வழிநெடுகப் பந்தலிட்டு நீர்மோர் வார்க்கின்ற நம் மக்கள், அப்பந்தலருகே எவரும் அச்சமின்றி நுழைந்து தாழிட்டுக்கொள்ளத்தக்க கழிப்பறை ஒன்றையும் அமைப்பார்களாக. மருத்துவர்கள், திருநங்கை கூச்சத்தோடு விளக்கும் புண்ணை முகம் சுளியாது பார்த்து மருந்தளிப்பார்களாக. நீரும் மருந்தும் அடைக்கலமும் தருவது தானமென்று பாடம் கேட்ட நாட்டில், இவற்றை ஒருசாரார்க்கு மட்டும் மறுத்துவிட்டு நாம் செய்யும் வேறெந்தத் தானமும் நிறைவுடையதாகாது.