கிணறும் குழியும்

ஒருவர் தமக்குச் சொந்தமான வளவுக்குள் மலசலகூடக் குழியொன்றை வெட்டுகிறார். அதன் கசிவால் அடுத்த வீட்டுக் கிணற்று நீர் கெட்டுப்போகிறது. அவரைத் தடுக்க அயலவருக்கு உரிமை உண்டா? நட்டஈடு கேட்கலாமா?

இக்கேள்வி நேற்று எழுந்ததல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) தமது ‘ரவ்ழதுத் தாலிபீன்’ என்னும் சட்டநூலில் இதனை எடுத்துப் பேசுகிறார். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அவரது முடிவு சற்று வியப்பையே தரும். அச்செயல் மக்ரூஹ், வெறுக்கத்தக்கது. ஆயினும் அவரைத் தடுக்க முடியாது, அவர்மீது நட்டஈடும் இல்லை என்பதே அம்முடிவு. தடுக்கலாம் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. ஷாபிஈ அறிஞர்களுள் ஒருவரான கஃப்பால் (ரஹ்) இவ்விடயத்தில் மாலிக்கின் பக்கம் நின்றார்.

சட்டம் ஏன் இப்படி நின்றது? அயலவர் கிணற்றுக்காக ஒருவரின் குழியைத் தடுத்தால் அவரது உடைமையுரிமை பாதிக்கப்படும். ஆகவே வழக்கத்தை மீறாதவரை ஒவ்வொருவரும் தம் நிலத்தில் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம். தரிசு நிலத்தில் தோண்டிய கிணற்றுக்கு ‘ஹரீம்’ எனப்படும் காப்பெல்லை உண்டு. உதுமானியரின் மஜல்லா சட்டக்கோவை அதனை நாற்பது முழம் என வகுத்தது. ஆனால் நாற்புறமும் பிறர் உடைமை சூழ்ந்த வீட்டுக்கு ஷாபிஈ சட்டத்தில் ஹரீம் இல்லை. எல்லோருக்கும் எல்லை கொடுத்தால் எவருக்கும் நிலம் மிஞ்சாதல்லவா?

‘வழக்கம்’ என்ற அந்தச் சொல்லில்தான் நமது காலத்தின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

நம் கரையோர ஊர்களை எடுத்துக்கொள்வோம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என எங்கும் ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இடையில் ஒடுங்கிய மணல்தரை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மணமுடித்து வைப்பது நமது வழக்கம். உம்மாவின் வளவு மூத்தமகளுக்கும் இளையமகளுக்குமாகப் பிரிகிறது. அடுத்த தலைமுறையில் இன்னும் பிரிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிக்குப் பின்னர், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என அரசு விதித்துப் பின்னர் தளர்த்தியது. கடலோரம் இழந்தவர்கள் உள்ளே நகர, உள்ளூர் மேலும் நெருங்கியது.

குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியேனும் இடைவெளி வேண்டும் என்று சொல்லி, வீட்டில் அளந்து வருமாறு ஒருமுறை எனது வகுப்புப் பிள்ளைகளிடம் கூறினேன். ஒரு பையன் எழுந்து கேட்டான்: “சேர், மதிலுக்கு அங்கால உள்ள குழியையும் அளக்கணுமா?”

நவவி எழுப்பிய வினாவின் உயிர்நாடியைத்தான் அந்தப் பையன் தொட்டுவிட்டான். மதில் உடைமைக்கு எல்லை. நிலத்தடி நீருக்கு அது எல்லையல்ல. மணல் கிருமிகளில் ஒரு பகுதியை வடிகட்டும். கழிவிலிருந்து உருவாகும் நைத்திரேற்றை அது வடிகட்டாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமை அது தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

1854இல் இலண்டன் புரோட் வீதியில் வாந்திபேதி பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வீதிக் குழாய்க் கிணற்று நீரே காரணம் என மருத்துவர் ஜோன் ஸ்னோ காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது. நோயுற்ற தன் குழந்தையின் துணிகளை அலசிய நீரை அவ்வீட்டுத் தாய் அதில் ஊற்றியிருந்தாள். அவள் செய்தது எல்லாத் தாய்மாரும் செய்வதே. அவளைக் குற்றவாளி என எந்தச் சட்டம் சொல்லும்?

நமது அனுபவமும் அதுவே. சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை நல்ல மனத்துடன் பலர் இறைத்துக் கொடுத்தனர். ஆனால் மணலடியில் நன்னீர், உப்புநீர்மீது மெல்லிய படையாக மிதக்கிறது. மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் அந்தப் படை கலைந்து உப்பு நீடித்தது. நீரடியில் நாம் யாவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதை அறியாமல் செய்த நன்மையும் தீங்காகலாம்.

ஆகவே எனது கருத்து இதுதான். நவவியின் தீர்ப்பு, வீடுகள் தள்ளியிருந்த வழக்கத்தில் ஒரு மனிதனுக்கும் அவன் அயலவனுக்கும் இடையே சொல்லப்பட்டது. இன்று வழக்கமே தீங்காகிவிட்டது. தனியொருவர் வழக்கை மீறாமலே எல்லோருமாகச் சேர்ந்து கிணறுகளைக் கெடுக்கிறோம். தீங்கு கூட்டாக நிகழும்போது கடமையும் கூட்டுக்கடமையாக வேண்டும். கழிவுநீர்க் குழாய்த் திட்டம் என்பது, நெருங்கிய ஊரில் கிணற்றுக்குக் கொடுக்க முடியாமற்போன ஹரீமை எல்லோருமாகச் சேர்ந்து கொடுப்பதே.

கொண்டவட்டுவான் குளத்து நீர் குழாய்வழி வந்த பின்னர், இனிக் கிணறு எதற்கு என்போர் உண்டு. ஆனால் குழாய்நீர் கூடக்கூடக் கழிவுநீரும் கூடுகிறது. குழிகள் விரைவில் நிரம்புகின்றன. குடிக்காத கிணற்றைப்பற்றி எவரும் கவலைப்படுவதுமில்லை. குளிக்கவும் துவைக்கவும் அதே நீர்தான் இன்னும் பல வீடுகளில் பயன்படுகிறது.

இக்கடமை இலகுவானதல்ல. சமதரையில் கழிவுநீர் தானாக ஓடாது. இடையிடையே பம்பி நிலையங்கள் வேண்டும், சுத்திகரிக்க நிலம் வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும். அந்நிலையம் யார் வீட்டருகே அமைவது? 2001இல் மாநகர சபையான கல்முனையில் எல்லைகள் பற்றிய பிணக்குகள் இன்னும் ஆறவில்லை. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்துக் கிடக்கும் மணலின் கீழ் நீருக்கு அப்பிணக்குகள் தெரியாது. நிருவாகம் எப்படிப் பிரிந்தாலும் குழாய் சேர்ந்தே போகவேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உள்ளன. அடித்தளமில்லாத குழிக்குப் பதிலாகக் கசியாத தொட்டி, அது நிரம்பி வழியுமுன் பவுசரை அழைத்து அகற்றுதல், புது வீட்டுக்கு நிலம் பிரிக்கும்போதே மதிலுக்கு அப்பாலுள்ள கிணற்றையும் அளந்து குழியின் இடத்தைக் குறித்தல். இவற்றைச் செய்யாதவரைச் சட்டம் தண்டிக்காமல் விடலாம். ஆனால் இமாம் நவவி அதனை ஆகுமானது என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. வெறுக்கத்தக்கது என்றும் எழுதினார். தடுக்க ஆளில்லாத இடத்தில் மனிதன் தானாக நிற்கவேண்டிய இடத்தை அச்சொல் குறித்து வைத்திருக்கிறது.